கதவு நிலையில் ராணியின் வயது

2022 பிப்ரவரி 1, செவ்வாய்

கட்டுப் பிரித்தாகிவிட்டது. இடது மார்பை எடுத்த இடம் இப்போது இஸ்திரி போட்ட மேஜைத் துணி. நர்ஸ் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மணி எப்ப அடிக்கலாம்?"

"எந்த மணி?"

"எங்க ஊர் மாதாகோயில் மணி. மொத்தம் ஆறு மணி இருக்கு, மூணாவது என்னுது. அரை மாட்டு எடை இருக்கும்."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "மெதுவாப் பாக்கலாம் செல்லம்" என்றாள். ஆஸ்பத்திரியில் 'மெதுவாக' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஜூன் மாதம் ராணி பட்டத்துக்கு வந்த எழுபதாம் ஆண்டு விழா. அதில் நான் அடித்தாக வேண்டும். வெள்ளி விழாவுக்காகத்தான் இருபத்தொரு வயதில் கயிறு பிடிக்கக் கற்றேன். அதற்கப்புறம் பொன் விழா, வைர விழா எதையும் விட்டதில்லை. இதை மட்டும் விடுவேனா?

பிராவுக்குள் வைத்துக்கொள்ளப் பஞ்சு அடைத்த உருண்டை ஒன்று கொடுத்தார்கள். புண் நன்றாக ஆறியதும் சிலிக்கானில் நல்லதாக ஒன்று தருவார்களாம். என் புருஷன் க்ளெம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா ஊசி குத்தி வைக்கிற மெத்தை மாதிரியே இருக்கு பொண்ணே" என்றான். அறுபத்தாறு வயதிலும் நான் அவனுக்குப் பொண்ணுதான். எங்கள் டெவன் மாவட்டத்தில் எல்லா ஆண்களும் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் இவன் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூப்பிடுகிறான்.

சிரித்தால் தையல் வலிக்கிறது. இருந்தாலும் சிரித்தேன்.

பிப்ரவரி 3, வியாழன்

சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே நடத்த வேண்டும். அதுதான் பயிற்சி. போன வருஷம் அடித்த பெயின்ட் அழுக்காகும் என்று க்ளெம் சமையலறைக் கதவு நிலையைக் காட்டினான். "இங்க ஏறு. ஏற்கனவே கிறுக்கி வச்சிருக்கே."

அந்த நிலையில்தான் மகன் மார்ட்டினின் உயரம் வருஷா வருஷம் இருக்கிறது. ஏப்ரல் இருபத்தொன்று ராணியின் பிறந்தநாள். அன்று மாதாகோயில் மணிக்கூண்டில் அடித்துவிட்டு வந்து, அவனை நிற்க வைத்துப் பென்சில் கோடு போடுவேன். பக்கத்தில் அவன் வயதை எழுத மாட்டேன், ராணியின் வயதை எழுதுவேன். முதல் வருஷம் ஏன் அப்படிச் செய்தேன் என்று ஞாபகம் இல்லை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அடியில் 54. அப்போது அவனுக்கு இரண்டு வயது. உச்சியில் 70. பதினெட்டு வயதுத் தடியன், கோடு போட நான் நாற்காலி மேல் ஏற வேண்டியிருந்தது.

இன்று என் விரல்கள் 60-இல் நின்றன. மார்ட்டினின் எட்டு வயதுத் தலை. அதற்கு மேல் ஒரு விரல்கடைகூட நகரவில்லை.

மணி அடிக்க 70 போதாது, அதற்கும் மேலே போக வேண்டும். எங்கள் மணிகள் ஒவ்வொரு அடிக்கும் தலைகீழாக நின்று முழுச் சுற்று சுற்றும். கயிறு மேலே ஓடும்போது இரண்டு கையும் உச்சிக்குப் போக வேண்டும். கை பாதியில் நின்றால் மணி நிற்காது, கயிறு போய்விடும்.

பிப்ரவரி 6, ஞாயிறு

எழுபது வருஷத்துக்கு முன் இதே நாளில் ராஜாவாக இருந்த அப்பா இறந்து, இவள் ராணியானாள். இருபத்தைந்து வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள். அப்பா செத்த நாளே வேலையில் சேர்ந்த நாள். அந்த நாள் வந்தால் இவள் கொண்டாடுவாளா, அழுவாளா என்று ஒவ்வொரு வருஷமும் யோசிப்பேன்.

காலையில் மணி அடித்தார்கள். நான் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கையிலிருந்து கேட்டேன். ஐந்து பேர், ஐந்து மணி. அழகாக அடித்தார்கள். வரிசையில் ஒருத்தி விலகிப் போனால் மற்றவர்கள் நெருங்கி நிற்பது போல, நான் இல்லாத இடம் மூடிக்கொண்டிருந்தது.

அதுதானே சரி? அப்படித்தானே அடிக்கணும்? பின்ன எதுக்குடி அழுற?

பிப்ரவரி 19

62. தலைமுடி கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. கை எட்டாததால் க்ளெம்தான் அலசிவிடுகிறான். ட்ராக்டர் கழுவுகிற கை.

மார்ச் 12, சனி

64! அடுத்த வாரம் கதிர் சிகிச்சை தொடங்குகிறது. மூன்று வாரம் தினமும் எக்ஸெட்டர் போய்வர வேண்டும்.

ஏப்ரல் 9, சனி

கதிர் முடிந்தது. தோல் சிவந்து, உள்ளே எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. இன்று 61. மேலே ஏறினவள் சறுக்கிக் கீழே வந்துவிட்டேன்.

க்ளெம் மேல் எரிந்து விழுந்தேன். தேநீர் சூடாக இல்லையாம். அவன் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கோப்பை போட்டுக் கொண்டுவந்தான். அது சூடாக இருந்தது. அதற்கும் எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 21, வியாழன்

ராணிக்குத் தொண்ணூற்றாறு. என் விரல்கள் 65-இல்.

மாலை கைப் பயிற்சி முடிந்ததும் ப்ரூ வந்தாள். இரண்டாவது மணி அவளுடையது. நாற்பது வருஷமாய் என் வலது பக்கம் நிற்பவள். தபால் நிலையத்தில் இருந்தபோது ஊரில் யாருக்கு எங்கிருந்து என்ன வருகிறது என்று மேலுறையைப் பார்த்தே சொல்வாள், நாக்கு அவ்வளவு நீளம்.

"திங்கக்கிழமை சாயந்தரம் எங்கடி போனே? கார் இல்ல" என்று கேட்டேன்.

"தையல் வகுப்பு."

"நீயா? பட்டன் தைக்கத் தெரியாது உனக்கு."

"அதனாலதான் போறேன்" என்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. என்ன மறைக்கிறாளோ.

மே 11, புதன்

68 எட்டினதும் பொறுமை போய்விட்டது. யாரிடமும் சொல்லாமல் கூண்டுக்கு மணிப் பயிற்சிக்குப் போனேன். படியேறும்போதே கயிறு வாசனை, பழைய கம்பளி வாசனை. என் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

எங்கள் தலைவர் டென்சில் வேண்டாம் என்றார். எழுபத்தைந்து வயது, பால் பண்ணைக்காரர், கடைசிப் பெரிய மணி அவருடையது. நான் கெஞ்சினேன். "ரெண்டே இழுப்பு டென்சில்."

முதல் இழுப்பு நன்றாக வந்தது. இரண்டாவதில் கயிறு மேலே ஓடியது. என் வலது கை போனது, இடது கை போகவில்லை. கயிறு பாம்பு மாதிரி அறை முழுக்கத் துள்ளியது. டென்சில் என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய்ந்து பிடித்தார். அந்த வயதில் அப்படிப் பாய்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

மூச்சு வாங்கியபடி சொன்னார். "ஜூனுக்கு வேணாம் தெல்மா."

"அப்ப யாரு அடிப்பா என் மணியை?"

"யாரும் அடிக்க மாட்டாங்க."

"பிப்ரவரி மாதிரி அஞ்சு பேரே அடிச்சுக்குவீங்க. அதானே?"

அவர் கயிற்றைச் சுருட்டிக் கட்டினார். ப்ரூ தரையைப் பார்த்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினேன். வலது கையால்.

மே 12

அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

ஜூன் 5, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையிலிருந்து மழை. தெருவில் போடவிருந்த மேஜைகளை ஊர்க் கூடத்துக்குள் தூக்கிப் போட்டார்கள். தோரணங்கள் நனைந்து சுவரில் ஒட்டிக்கொண்டன. மார்ட்டின், என் பேத்தி டில்லியோடு, பிரிஸ்டலில் இருந்து வந்திருந்தான். எனக்குத் தேநீர் ஊற்றும் வேலை. பெரிய பாத்திரத்தின் குழாயைத் திருக வலது கை போதும் என்று எவனோ புத்திசாலி முடிவு செய்திருக்கிறான். (க்ளெம்.)

ஒரு மணிக்கு மணிச் சத்தம் தொடங்கியது. எல்லாரும் பேச்சை நிறுத்திக் கைதட்டினார்கள். நான் கேட்டேன். ஒன்று, இரண்டு... பிறகு ஒன்றுமில்லை... நாலு, ஐந்து, ஆறு.

முதலில் யாரோ தவறவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த சுற்றிலும் அதே. அதற்கடுத்ததிலும். ஒன்று, இரண்டு, ஓட்டை, நாலு, ஐந்து, ஆறு. பல் விழுந்த வாய் மாதிரி. எழுபதாம் ஆண்டு விழாவுக்கு, ஊரே கேட்க, இப்படியா அடிப்பார்கள்? பிப்ரவரியில் எவ்வளவு அழகாய் நெருங்கி அடித்தார்கள்! காது கூசியது. தேநீர் கோப்பையைத் தாண்டித் தட்டில் வழிந்து பாதிரியாரின் செருப்பில் கொட்டியது.

மழையில் ஓடினேன். கூண்டுப் படியெல்லாம் ஏறினேன். அவர்கள் அப்போதுதான் மணிகளை நிறுத்தியிருந்தார்கள்.

"என்ன அடி இது? மூணாவது இடத்துல அவ்வளவு பெரிய ஓட்டை! கேக்கச் சகிக்கல! அஞ்சு பேருக்கு அஞ்சு மணி அடிக்கத் தெரியாதா?"

டென்சில் கோட்டைத் தேடினார். ப்ரூதான் சொன்னாள், கோபமாக.

"அது ஓட்டை இல்லடி முட்டாளே. உன் இடம்."

எனக்குப் புரியவில்லை. நின்றேன். தலையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது.

"பிப்ரவரியில மூடிக்கிட்டு அடிச்சோம். கீழ வந்தா க்ளெம் சொன்னான், நீ அழுதேன்னு. அன்னைக்கே டென்சில் சொல்லிட்டார், இனிமே விழா மணிக்கு உன் இடத்தை மூடுறதில்லன்னு. இடம் விட்டு அடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தெரியுமா உனக்கு? ஒவ்வொரு தடவையும் கை தானாப் போய் மூடுது. ரெண்டு மாசம் திங்கக்கிழமை திங்கக்கிழமை பக்கத்து ஊர்க் கூண்டுல போய்ப் பழகினோம், உன் காதுல விழக்கூடாதுன்னு."

"தையல் வகுப்பு" என்றேன்.

"தையல் வகுப்பு" என்றாள்.

டென்சில் கோட்டுப் பட்டனைத் தப்பாகப் போட்டுக்கொண்டே, "நீ இருந்து அடிச்சா எங்களுக்கு வேலை சுலபம். சீக்கிரம் வா" என்றார்.

அழுதேன். வெட்கமே இல்லாமல், மூக்கு ஒழுக. நான் இல்லாமலும் உலகம் நடக்கும் என்று தெரிந்துகொள்ளும் வயதுதான் எனக்கு. ஆனாலும் என் இடத்தை இப்படி ஐந்து பேர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று யார் நினைத்தார்கள்? ப்ரூ கைக்குட்டை கொடுத்தாள். அதில் ஏற்கனவே அவள் அழுதிருந்தாள்.

கீழே போனதும் பாதிரியாரிடம் செருப்புக்காக மன்னிப்புக் கேட்டேன்.

ஜூன் 6

69. காலையிலும் மாலையிலும் ஏறுகிறேன்.

ஜூலை 20

இன்னும் 69. வெயில் தாங்கவில்லை. சிலிக்கானில் நல்லது வந்துவிட்டது. கனமாக, குளிர்ச்சியாக இருக்கிறது. பஞ்சு உருண்டையை எறிய மனம் வரவில்லை, அலமாரியில் போட்டேன்.

ஆகஸ்ட் 17, புதன்

எழுபது!!! க்ளெமைக் கத்திக் கூப்பிட்டேன். அவன் பீன்ஸ் பறித்த கையோடு ஓடிவந்து, கதவு நிலையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "மார்ட்டின் தலையைத் தொட்டுட்டே பொண்ணே" என்றான். மண் வாசனையோடு கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 31

டென்சில் அடிக்க விட்டார். அவர் பக்கத்தில் நிற்க, நான் மட்டும் அடித்தேன். கை முழுசாய் மேலே போனது. வலித்தது. வலிக்கட்டும்.

செப்டம்பர் 6, செவ்வாய்

ராணி புதுப் பிரதமரை நியமிக்கிற படம் செய்தியில் வந்தது. ஊன்றுகோலோடு நின்று சிரிக்கிறாள். ரொம்ப இளைத்துவிட்டாள் என்றேன்.

"தொண்ணூத்தாறு வயசுல வேலைக்குப் போயிருக்கா. நீ பாத்திரம் கழுவ அழுவுறே" என்றான் க்ளெம்.

"நான் எங்க அழுதேன்? உன் முறைன்னு சொன்னேன்."

செப்டம்பர் 8, வியாழன்

மாலை ஆறரைக்குச் சொன்னார்கள். ராணி போய்விட்டாள்.

நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு தடவை, எக்ஸெட்டரில், ஒரு பச்சைத் தொப்பி, அதுவும் போலீஸ்காரர் தோளுக்கு மேலாக. ஆனால் என் பிள்ளை வளர்ந்ததே அவள் வயதில்தான். பாவம், முந்தாநாள்கூட வேலை பார்த்தாள்.

டென்சில் போன் செய்தார். நாளை பன்னிரண்டு மணிக்கு, ஒரு மணி நேரம். சத்தம் அமுங்க, மணி நாக்கின் இரண்டு பக்கமும் தோல் உறை கட்டி அடிக்க வேண்டும். பெரிய மணிக்கு மட்டும் ஒரு பக்கம் திறந்திருக்கும். எங்கள் கூண்டில் கடைசியாக அப்படி அடித்தது 1952-இல், இவள் அப்பாவுக்கு. போர் நினைவு நாளுக்கு ஒரு பக்கம்தான் கட்டுவோம், அதனால் எங்களிடம் பாதி உறைகள்தான் இருக்கின்றன. உறை விற்கும் கடைக்காரர் போனையே எடுக்கவில்லையாம், நாடு முழுக்க இதே பாடு.

"என்ன செய்வீங்க?"

"பண்ணை பூட்ஸை வெட்டிட்டு இருக்கேன். தெல்மா..."

"சொல்லுங்க."

"நாளைக்கு இடம் விட்டு அடிக்கிறதா இல்ல. உன் கை ஒரு மணி நேரம் தாங்குமா?"

தெரியாது என்றேன். வருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 9, வெள்ளி

பதினொன்றரை மணி. மணிகளுக்கு நடுவே, தூசியும் புறா எச்சமுமாக, எல்லாரும் குனிந்து உறை கட்டிக்கொண்டிருந்தோம். டென்சிலின் பூட்ஸை வெட்டிய துண்டுகளுக்குள் ஆட்டுரோமம் அடைத்துத் தைத்திருந்தார்கள். (ப்ரூ தைத்தாள். தையல் வகுப்புக்குப் போகாதது நன்றாகத் தெரிந்தது.) ஒவ்வொன்றாக நாக்கை ஆட்டிப் பார்த்தோம். பெரிய மணியின் திறந்த பக்கம் தவிர எல்லாம் 'தும்' என்றன. என் மணி மட்டும் ஒரு பக்கம் 'தும்', மறு பக்கம் 'டங்'. தையல் பிரிந்து ரோமமெல்லாம் கொட்டிவிட்டது.

டென்சில் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னொரு பூட்ஸ் இல்ல."

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். கீழே இறங்கி, கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, வீட்டுக்குள் போய், அலமாரியைத் திறந்து அந்தப் பஞ்சு உருண்டையை எடுத்தேன். க்ளெமின் வேலி வெட்டுகிற தோல் கையுறைக்குள் திணித்தேன். கட்ட வார் வேண்டும், எதிரில் க்ளெம் நின்றான். "பெல்ட்டைக் கழட்டு" என்றேன். நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் பகலில் இப்படி நான் கேட்டதே இல்லை. வாயைத் திறந்தபடி கழற்றிக் கொடுத்தான்.

மேலே கொண்டுபோய் நாக்கில் வைத்து இறுக்கினேன். டென்சில் விளக்கைப் பிடித்திருந்தார்.

"என்னது இது? மெத்து மெத்துன்னு இருக்கு."

"ஜனவரியிலேருந்து என் உடம்புல இல்லாதது" என்றேன். "சரி, அதோட பதிலி."

அவருக்குக் காது நுனி வரை சிவந்துவிட்டது. ப்ரூ மரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ராணிக்காக யார் யாரோ என்னென்னமோ கொடுத்திருப்பாங்கடி... ஆனா நீ..." அதற்கு மேல் பேச முடியவில்லை. துக்க நாளில் சிரிக்கிறோமே என்று பயந்து, ஆளுக்கு ஆள் வாயைப் பொத்தி, இன்னும் சிரித்தோம். நாக்கை ஆட்டினேன். 'தும்.'

பன்னிரண்டு.

ஐந்து மணிகள் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல முணுமுணுத்தன. பெரிய மணி மட்டும் ஓர் அடி விட்டு ஓர் அடி, தெளிவாக, தனியாக. கயிறு மேலே ஓடியபோது என் இரண்டு கையும் கூடவே போயின. முழுசாய். இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் நான் இருந்தேன். டென்சில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை விட்டுப்போனால் கண்ணைக் காட்டு என்று சொல்லியிருந்தார். பாதியில் தோள் எரிந்தது. பிறகு மரத்தது. பிறகு எதுவும் தெரியவில்லை, ப்ரூவின் கயிறு மட்டும் தெரிந்தது, அதற்குப் பின்னாலேயே போனேன். கண்ணைக் காட்டவில்லை.

நிறுத்தியதும் கயிறுகளைக் கட்டிவிட்டு இறங்கினோம். தெருவில் நின்றவர்கள் மணி நின்ற பிறகும் கலையவில்லையாம், க்ளெம் சொன்னான். அவன் ஒரு மணி நேரமும் மாதாகோயில் வாசலில், கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி நின்றிருக்கிறான். அவனுக்குச் சங்கீதக் காதே கிடையாது. ஆனால், "ஓட்டை இல்லாம இருந்துச்சு பொண்ணே" என்றான்.

மாலை கதவு நிலையில் என்னை நிற்க வைத்தான். இரண்டு கையையும் தூக்கச் சொன்னான். நாற்காலி மேல் ஏறி, என் விரல் நுனியில், மார்ட்டினுக்கு மேலே, எல்லாக் கோட்டுக்கும் மேலே ஒரு கோடு போட்டான். பக்கத்தில் 96 என்று எழுதினான். அதற்கு மேல் இனி எண் கிடையாது.

நன்றி அம்மா. உன் வயதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வருஷம் ஏறி வந்தேன்.

செப்டம்பர் 19, திங்கள்

அடக்கம். மறுபடியும் ஒரு மணி நேரம். கை தாங்கியது. உறைகளைக் கழற்றும்போது, என்னுடையதைத் திருப்பித் தரவா என்று டென்சில் சுவரைப் பார்த்துக் கேட்டார். உறைப் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றேன். க்ளெமுக்குப் புது பெல்ட் வாங்கியாகிவிட்டது.

நவம்பர் 14, திங்கள்

புது ராஜாவின் எழுபத்துநாலாவது பிறந்தநாள். உறை இல்லாமல், ஆறு மணியும் திறந்து அடித்தோம். டில்லி இங்கே இருக்கிறாள். வந்ததும் கதவு நிலையில் நிற்க வைத்துக் கோடு போட்டேன். மூன்று வயது, கதவுக் கைப்பிடியின் உயரம்கூட இல்லை. பக்கத்தில் என்ன எழுதுவது என்று ஒரு நிமிஷம் பென்சிலோடு நின்றேன். 74 என்று எழுதினேன்.

"பாட்டி, எனக்கு மூணு" என்றாள் டில்லி.

"தெரியும்டி" என்றேன். "நேரா நில்லு."